மாதச் சொல்

அலுவலகத்தில் அவளைச் சொல்லக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வரவு செலவு பார்க்கும் கைபேசிச் செயலி ஒன்றைச் செய்யும் கம்பெனி அது. செயலியில் எங்கே எந்தச் சொல் வரவேண்டும் என்று தீர்மானிப்பது அவள் வேலை. ‘கணக்கில் போதிய இருப்பு இல்லை’ என்று இருந்ததை ‘இந்த மாதம் கொஞ்சம் இறுக்கம்’ என்று மாற்றியவள் அவள்தான். அதைப் பார்த்துவிட்டு ஒரு பெண், ‘என் புருஷனைவிட உங்க ஆப் மரியாதையா பேசுது’ என்று எழுதி அனுப்பியிருந்தாள். அந்த வரியைத் தாளில் எடுத்து யாரோ சுவரில் ஒட்டினார்கள். சொல்லக்கா அதைப் படித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இந்த நாற்காலிக்கு அவள் வந்து சேர்ந்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் எல்லாம் அவளைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர்கள். இவ்வளவு தாமதமானதற்குக் காரணம் ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால்தான் மற்றது விளங்கும்.

படிப்பு முடித்ததும் அவள் ஒரு மெத்தைக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தாள். பஞ்சுத் தூசி மேசைவரை வரும். மாலையில் முகம் கழுவினால் தண்ணீர் கலங்கி ஓடும். பிரிவுக்குத் தலைவர் ஒரு ஒல்லி மனிதர். ஒவ்வொரு கூட்டலுக்கு அடியிலும் இரும்பு ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போடுவார். கோடு போட்டுவிட்டால் அந்தத் தொகையை ஆண்டவனாலும் மாற்ற முடியாது என்று தொழிலாளர்கள் சொல்வார்கள். ஸ்கேல் சார் என்றுதான் அவருக்குப் பெயர்.

சம்பள நாள் ஒன்றில் முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவள் பட்டியலைப் பார்த்துவிட்டு, “சார், இந்தக் கூட்டல் தப்பா இருக்கே” என்றாள். தப்பாகத்தான் இருந்தது. முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார்.

“என்னய்யா, நேத்து வந்த பொண்ணு உன் ஸ்கேலை வளைச்சுட்டா!”

ஸ்கேல் சாரும் சிரித்தார். கோட்டை அடித்துவிட்டுப் புதுக் கோடு போட்டார். அன்றைக்கு அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த வருடம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் அவளுக்கு நல்ல வேலை கூடிவந்தது. அனுபவச் சான்றிதழ் மட்டும் கேட்டார்கள். ஸ்கேல் சார் எழுதிக் கொடுத்தார்: ‘வேலை தெரிந்தவர். பொறுப்பில்லாதவர்.’ உறையைப் பிரிக்காமலே கொண்டுபோய்க் கொடுத்தாள். அங்கிருந்தவர் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

அவள் திரும்பி ஓடினாள். “சார், நான் என்ன பொறுப்பில்லாம செஞ்சேன்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்டாள். அவர் கோடு போட்டுக்கொண்டே, நிமிராமல், “எழுதினது எழுதினதுதாம்மா” என்றார்.

அதற்குப்பின் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தாள். கூரியர் கடையில் பொட்டலம் நிறுத்தாள். ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் உட்கார்ந்து வலியில் இருப்பவர்களிடம் படிவம் நீட்டினாள். எங்கே போனாலும் ‘முன்னனுபவம் உண்டா?’ என்பார்கள். உண்டு என்றால் சான்றிதழ் கேட்பார்கள். இல்லை என்றால் அடிமட்டச் சம்பளத்தில் போடுவார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லியே பாதி வாழ்க்கை போயிற்று. சான்றிதழை என்றோ கிழித்துப்போட்டாள். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

கோபத்துக்கு வயதாவதில்லை என்பார்கள். அது சரியென்று தோன்றவில்லை. கோபத்துக்கும் வயதாகிறது, வயதானால் வீட்டு நாய்போல ஒரு மூலையில் படுத்துக்கொள்கிறது. இருக்கிறதா செத்துவிட்டதா என்று வீட்டுக்காரருக்கே சந்தேகம் வரும். வாசலில் ஆள் நின்றால்தான் தெரியும்.

ஆள் ஒரு நாள் வந்து நின்றார்.

செயலியின் புதுப் பதிப்பு தயாராகிக்கொண்டிருந்த நேரம். அதில் புதிதாக மூன்று வசதிகள். செலவுகளைச் செயலியே பார்த்து மளிகை, மருந்து, பயணம் என்று தலைப்புகளில் பிரித்துவிடும்; வேண்டாதவர்கள் தாங்களே வேறு தலைப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு குடும்பத்தார் எல்லோரும் ஒருவர் சுருக்கத்தை ஒருவர் பார்க்கும்படி ‘குடும்ப வட்டம்’ ஒன்று அமைக்கலாம். மூன்றாவது, ‘மாதச் சொல்’. மாதக் கடைசியில் ஒவ்வொரு பயனருக்கும் அவர் செலவழித்த விதத்தை வைத்து ஒரே ஒரு சொல் போகும். இது மேடத்தின் யோசனை. மேடம் என்பது அந்தப் பிரிவின் தலைவி. முப்பது வயது, வேகமாக நடப்பவள்.

“நன்று, மிக நன்றுன்னு மார்க் ஷீட் மாதிரி வேணாம்க்கா. கொஞ்சம் உறைக்கணும். வாங்கினவங்க சிரிச்சுக்கிட்டே நாலு பேருக்கு அனுப்பணும்” என்றாள்.

சொல்லக்கா சொற்களை எழுதினாள். கவனமானவர், தாராளக்கை, திட்டக்காரர், ஆசைக்காரர், இறுகிய முடிச்சு. எந்தச் செலவுக்கு எந்தச் சொல் என்ற விதிகளையும் அவளே எழுத வேண்டும். அதைக் கணினிக்குப் புரியவைப்பவன் பக்கத்து மேசைப் பையன். எப்போது பார்த்தாலும் தூக்கத்திலிருந்து எழுந்தவன்போல இருப்பதால் தூங்கி என்று பெயர். வேலையில் மட்டும் அவன் தூங்கியதில்லை.

வெளியிடுவதற்கு முன் பழைய பயனர்கள் சிலரை அலுவலகத்துக்கு அழைத்துத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்துப் புது வசதிகளைக் காட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில், முழங்காலில் கைபேசியை வைத்துக்கொண்டு, அதே ஒல்லி உடம்போடு அவர் உட்கார்ந்திருந்தார். தலை மட்டும் வெளுத்திருந்தது. தானே பிரிக்கும் வசதியைச் சொல்லக்கா விளக்கி முடித்ததும் கையை உயர்த்தினார்.

“இதெல்லாம் எதுக்கும்மா? பணத்துக்கு ரெண்டே கணக்குதான். வந்தது, போனது. நான் எல்லாத்தையும் ‘மற்றவை’ன்னு ஒரே தலைப்புல போட்டுடுவேன். தலைப்பு வெச்சா கேள்வி வரும். கேள்வி வந்தா வீட்ல நிம்மதி போகும்.”

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. குரலும் மாறவில்லை. காதுகள் மட்டும் சூடாகியிருந்தன.

தேநீர் நேரத்தில் அவரே பக்கத்தில் வந்தார். “நல்லா புரியற மாதிரி பேசினம்மா. கணக்கு வாடை அடிக்குதே, எங்க கத்துக்கிட்ட?”

அவள் மெத்தைக் கம்பெனியின் பெயரைச் சொன்னாள்.

“அட! நான் அங்கதாம்மா முப்பது வருஷம்! நீ எந்தக் காலத்துல இருந்த?”

சொன்னாள். அவர் அவள் முகத்தை உண்மையான அக்கறையோடு பார்த்தார். பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார்.

“ஞாபகம் வரலையே. நெறைய பொண்ணுங்க வரும், போகும். கல்யாணம் ஆச்சுன்னா நின்னுடும். யாரைன்னு வெச்சுக்கறது? எனக்குக் கீழேயா இருந்த?”

“ஆமா சார்.”

“அப்ப வேலை நல்லாத்தான் கத்துக்கிட்டிருப்ப” என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் வெறுப்போடு பார்த்திருந்தால் அவள் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பாள். இருபது வருடமாக ஒருவனை நெஞ்சில் சுமந்தவளுக்கு, அவன் நெஞ்சில் தனக்கு ஒரு மூலைகூட இல்லை என்று தெரிவது வேறுவகை அவமானம். கடன் கொடுத்தவனுக்கு மட்டும் கணக்கு நினைவிருப்பதுபோலத்தான் இதுவும்.

மறுநாள் காலையில் சொற்பட்டியலில் புதிதாக ஒரு சொல் ஏறியது: பொறுப்பில்லாதவர். விதி: செலவில் பாதிக்கு மேல் ‘மற்றவை’யில் போடுகிறவர்.

தூங்கி திரையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். “என்னக்கா, இது கொஞ்சம் காரமா இல்ல?”

“தலைப்பு வெக்கக்கூட சோம்பல் படறவங்களை வேற என்னன்னு சொல்றது?”

“எங்க அம்மாவும் எல்லாத்தையும் அதுலதான் போடுவாங்க.”

“உங்க அம்மாவுக்கு ஆப் போட்டுக் கொடுத்தது நீதானே? கத்துக்கொடு.”

மேடத்துக்குப் பிடித்தது. “இதுதான்க்கா நான் கேட்டது!” என்றாள். விதி ஏறியது. ஒருவரைப் பிடிக்க வீசிய வலை என்று யாருக்கும் தெரியாது. வலையின் கண்கள் எவ்வளவு சின்னவை என்று சொல்லக்காவும் யோசிக்கவில்லை.

முதல் மாதச் சொல் போன மறுநாளே அவருடைய கடிதம் வந்தது. அலுவலக நடையில், ஒரு பிழையில்லாமல் எழுதியிருந்தார். ‘மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு. முப்பதாண்டுகள் கணக்குப் பிரிவை நிர்வகித்த என்னைத் தங்கள் செயலி பொறுப்பில்லாதவர் என்று குறிப்பிட்டிருப்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. எந்த ஆதாரத்தின்பேரில் என்று தெரிவிக்கவும்.’

அதை அவள் தேநீர் ஆறும்வரை படித்தாள். பிறகு, இப்படிப்பட்ட கடிதங்களுக்குத் தானே பதில் எழுதுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு, பதில் எழுதினாள். ‘ஐயா, தாங்கள் பதிந்த விவரங்களைப் பார்த்தே எழுதப்பட்டது. எழுதியது எழுதியதுதான்.’ அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது அவள் விரல் அவசரப்படவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் தனக்கென்று ஒரு ஜோடிச் செருப்பு வாங்கினாள். வீட்டில் கணவர், “என்ன, இன்னைக்கு முகத்துல வெளிச்சம்?” என்று கேட்டதற்கு, “கால்ல” என்றாள்.

ஆனால் வலையில் அவர் மட்டும் விழவில்லை. அவளுடைய அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. எடுத்ததும் வணக்கம் இல்லை, எப்படி இருக்கிறாய் என்ற கேள்வி இல்லை.

“ஏய், உங்க கம்பெனி என்னைப் பொறுப்பில்லாதவன்னு சொல்லுதுடி! குடும்ப வட்டம்னு ஒண்ணு வெச்சீங்களே, அதுல மாமியார், நாத்தனார், உன் மச்சான், எல்லாரும் பாத்துட்டாங்க. மாமியார் இப்பத்தான் கண்ணாடி மாத்தினாங்க. முதல்ல படிச்சதே இதைத்தான்!”

“நீ எல்லாத்தையும் மற்றவையில போட்டியா?”

“போடாம? தையல் கூலி, அம்மாவுக்கு அனுப்பறது, நான் சேத்து வெக்கறது, எல்லாத்துக்கும் பேர் வெச்சா இங்க விசாரணைக் கமிஷன் உக்காரும். மற்றவைதான்டி எனக்குப் பீரோ. அதுல வந்து போஸ்டர் ஒட்டிட்டீங்களே! எந்தக் கட்டையில போறவ எழுதினா இந்த வார்த்தையை?”

சொல்லக்கா கைபேசியை மறுகாதுக்கு மாற்றினாள். “பாக்கறேன் இரு” என்றாள்.

“பாக்கறியா? அவ கையில கொள்ளிக்கட்டையை வெச்சுப் பாரு!”

இதுபோலப் பல குரல்கள் வந்தன. மருமகளுக்குத் தெரியாமல் பேத்திக்குப் பணம் கொடுப்பவர். மருத்துவர் பெயரைத் தலைப்பாக வைக்க விரும்பாதவர். சும்மா சோம்பேறிகளும் இருந்தார்கள்தான். மேடம் கையைப் பிசைந்தாள்.

“அந்த வார்த்தையைத் தூக்கிடுங்கக்கா. வாங்கின எல்லாருக்கும் ஒரு மன்னிப்புக் கடிதம் போகணும். நீங்களே எழுதுங்க. உருக்கமா வேணாம், உண்மையா இருந்தா போதும்.”

அவள் எழுதினாள். ‘உங்களைப் பற்றி எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டோம். அந்தச் சொல் தவறு. அதைத் திரும்பப் பெறுகிறோம். உங்களோடு இருப்பவர்களும் அதைப் படித்திருந்தால், அவர்களிடமும் இதைக் காட்டுங்கள்.’ மேடம் படித்துவிட்டு, “எப்படிக்கா, முதல் தடவையிலயே?” என்று வியந்தாள். இந்தக் கடிதத்தை அவள் இருபது வருடம் மனதில் எழுதி வைத்திருந்தாள், தனக்கு வரவேண்டியதாக. அது மேடத்துக்கு எப்படித் தெரியும்?

அதனாலேயே அதை அவருக்கு அனுப்ப அவளால் முடியவில்லை. தனக்கு வராத மன்னிப்பு, தன் கையாலேயே எழுதப்பட்டு, அவர் கைக்குப் போவதா?

“இந்த ஒரு கணக்கைச் சோதனைக் கணக்கா வெச்சுக்கோ” என்று தூங்கியிடம் சொன்னாள். “பழைய விதி இதுக்கு மட்டும் இருக்கட்டும். எப்படிப் போகுதுன்னு பாக்கணும்.”

கூட்டத்துக்கு வந்த பயனர்கள் தங்கள் தலைப்புகளையும் தொகைகளையும் கம்பெனி பார்க்கலாம் என்று ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். அவர்கள் கணக்குகளில் தனி விதி வைத்துப் பார்ப்பதும் வழக்கம்தான். தூங்கி கேள்வி கேட்கவில்லை. மன்னிப்பு எல்லோருக்கும் போயிற்று. ஒருவருக்குப் போகவில்லை. அடுத்த மாதக் கடைசியில் அந்த ஒருவருக்கு மட்டும் மறுபடியும் போயிற்று: பொறுப்பில்லாதவர்.

அவர் சும்மா இருக்கவில்லை. பிரிக்கத் தொடங்கினார். ‘மற்றவை’ பாதியாகக் குறைந்தது. அவள் விதியைக் கால் பங்காக்கினாள். அவர் கால் பங்குக்கும் கீழே கொண்டுவந்தார். அவள் இன்னும் இறக்கினாள். அவர் கணக்கில் ஒவ்வொன்றாகத் தலைப்புகள் முளைத்தன. செய்தித்தாள். கண் சொட்டு மருந்து. மனைவியின் முழங்கால். வாடகைச் சைக்கிள். பேரன் கேட்டது. அவள் அவற்றைப் படித்தாள். மனது இளகியது என்று சொல்ல முடியாது. தான் டிக்கெட் கிழித்த கொட்டகையின் இருட்டும், கூரியர் தராசின் துருவும் எந்தத் தலைப்பில் வரும் என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

கடிதங்கள் மட்டும் குட்டையாகிக்கொண்டே வந்தன. முதலில் ‘ஏற்கத்தக்கதன்று’ என்று இருந்தது. பிறகு ‘விளக்கம் தேவை’. அதற்குப் பிறகு ஒரே வரி: ‘எவ்வளவு குறைத்தால் போதும் என்று சொன்னால் குறைத்துவிடுகிறேன்.’ அதற்கு அவள் பதில் எழுதவில்லை. கோடு எங்கே என்று தெரியாமல் ஓடுகிறவன் எப்படி ஓடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம் அவர் நேரிலேயே வந்துவிட்டார். வரவேற்பு மேசையிலிருந்து கூப்பிட்டார்கள். அவள் போய் அவரைச் சின்னக் கூட்ட அறையில் உட்கார வைத்தாள். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தார்.

“நீதானேம்மா அன்னைக்குப் பேசின பொண்ணு? நீயாவது சொல்லு. நான் எல்லாத்தையும் பிரிச்சுட்டேன். இந்த மாசம் மற்றவையில ஒத்தக் காசு இல்ல. போன மாசமும் கொஞ்சம்தான் இருந்துச்சு. இருந்தும் அதே வார்த்தை. மத்தவங்களுக்கு ஏதோ மன்னிப்புக் கடிதம் வந்துச்சாமே, எனக்கு வரல.”

“வரலையா?”

“குடும்ப வட்டத்துல மகன் பாக்கறான், மருமக பாக்கறா. மகன் சொல்றான், ‘அப்பா, மெஷினே சொல்லுது, இனிமே பேங்க் கணக்கை நான் பாத்துக்கறேன்’னு. இந்த மாசமும் அதே வந்தா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடணும்னு பேச்சு. நான் முப்பது வருஷம் ஊர்ப் பணத்தைப் பாத்தவன்மா. என் மருந்துக்கு அவன்கிட்ட கை நீட்டணுமா?”

இதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். இவ்வளவு நல்ல நேரம் தேடினாலும் வாய்க்காது.

“சார், ஒரு சம்பள நாள். முதலாளி பக்கத்துல நின்னாரு. உங்க கூட்டல் தப்புன்னு ஒரு பொண்ணு சொன்னா. ஞாபகம் இருக்கா?”

அவர் முகம் மெதுவாக மாறியது. பெண்ணை அல்ல, கூட்டலை நினைவுகூர்ந்தார். “அந்த ஷிப்டு அலவன்ஸ்... அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகும்போது விட்டுப்போச்சு. முதலாளி சாகறவரைக்கும் சொல்லிச் சிரிச்சாரு. ஸ்கேலை வளைச்சுட்டான்னு.” நிறுத்தினார். “அது நீயா?”

“சான்றிதழ் கேட்டேன். பொறுப்பில்லாதவர்னு எழுதிக் கொடுத்தீங்க.”

அவருக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை; கணக்கு தெரிந்தவர்.

“அப்ப இது மெஷின் இல்ல.”

“இல்ல சார்.”

“சரி.” உள்ளங்கையால் மேசையை ஒரு முறை தடவினார். “நீ சொன்ன கூட்டல் சரிதான்மா. ஆனா தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நாலு பேர் முன்னாடி மேலாளைக் காட்டிக்கொடுக்கறதுக்குப் பேரு பொறுப்பு இல்ல. அன்னைக்கு அப்படித்தான் நினைச்சேன். பொய் எழுதினதா நினைக்கல.”

“இப்போ?”

அவர் அவளைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டால் மகனிடம் போகும் கணக்கு திரும்பிவிடும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

“இப்போ கேட்டா பயத்துல கேக்கற மாதிரி இருக்கும். அது எதுக்கு உனக்கு?” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வந்தது வெற்றி என்றால் அதற்கு இப்படியா வடிவம் இருக்கும்? அவர் அழுதிருக்க வேண்டும். அல்லது கத்தியிருக்க வேண்டும். தோற்றுக்கொண்டே நிமிர்ந்திருப்பவனை என்ன செய்வது என்று பழிவாங்குகிறவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. கோபம் முன்னைவிடக் கூடியது.

மாதக் கடைசி வந்தது. தூங்கி நாற்காலியை அவள் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தான்.

“அக்கா, உங்க சோதனைக் கணக்குல மற்றவை பூஜ்யம். இனிமே விதியை எங்க இறக்கறது? பூஜ்யத்துக்குக் கீழே பூமிதான் இருக்கு.”

“வேற வழி?”

“விதியில வராது. நீங்களே கையால டைப் பண்ணி அனுப்பினாத்தான் உண்டு. பெட்டி திறந்து வெக்கறேன். காரணம்னு ஒரு கட்டம் இருக்கும், அதைக் காலியா விடலாம், ஒண்ணும் சொல்லாது.”

பெட்டி திறந்தது. அவள் விசைகளைத் தட்டினாள். பொ, று, ப்... சொல் பாதி வந்தது. கீழே காரணக் கட்டம் காலியாகத் துடித்துக்கொண்டிருந்தது.

இதுவரை அவள் அனுப்பியதற்கெல்லாம் ஒரு விதி இருந்தது. விதி அநியாயமாக இருக்கலாம், வேண்டுமென்றே நகர்த்தப்பட்டதாக இருக்கலாம். இருந்தாலும் அவர் செய்த ஏதோ ஒன்றை அது தொட்டுக்கொண்டிருந்தது. இந்தச் சொல் எதையும் தொடவில்லை. அந்த மனிதர் இந்த மாதம் ஒவ்வொரு காசுக்கும் பெயர் வைத்திருக்கிறார். இதை அனுப்பினால், ஒரு வேலையில் உட்கார்ந்துகொண்டு, தெரிந்தே, காரணமில்லாத ஒரு சொல்லை ஒருவர்மேல் எழுதியவள் ஆகிறாள். அப்படிப்பட்டவளுக்குப் பெயர் என்ன? அந்தப் பெயரை இருபது வருடத்துக்கு முன்னாலேயே அவர் எழுதி வைத்துவிட்டார். அன்றைக்குப் பொய்யாக இருந்ததை இன்றைக்குத் தானே மெய்யாக்கித் தருவதா? அந்த லாபத்தை அவருக்குக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

இதைக் கருணை என்று சொல்பவர்கள் அவளை அறியாதவர்கள். எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள். ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்தாள்.

“சோதனை முடிஞ்சுது. அந்தக் கணக்கை எல்லாரோடவும் சேத்துடு. பொது விதி என்ன சொல்லுதோ அது போகட்டும்” என்றாள்.

பொது விதி ‘கவனமானவர்’ என்று சொல்லிற்று. அது போனது. உடனேயே படிக்கப்பட்டது என்று திரையில் குறி விழுந்தது. பதில் எதுவும் வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் அதற்குள் வேறொரு கடிதம் மேடத்துக்குப் போயிருந்தது. ஸ்கேல் சாரின் மகன் எழுதியது. எல்லோருக்கும் திரும்பப் பெறப்பட்ட சொல் தன் அப்பாவுக்கு மட்டும் மாதாமாதம் வந்தது எப்படி என்று கேட்டிருந்தார். மேடம் தேடிப் பார்த்தாள். தனி விதி, அது நகர்ந்த தேதிகள், நகர்த்தியவர் யார், எல்லாம் இருந்தன. சொல்லக்காவை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“உங்களுக்கு அவரைத் தெரியுமா?”

“தெரியும்.”

“நான் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டீங்க. அது தெரியுது. ஆனா முன்னாடி நடந்தது நடந்ததுதான்க்கா. உங்க ஃபைல்ல நான் ஏதாவது எழுதியே ஆகணும். மேலிடம் கேக்கும்.” மேடம் திரையில் ஒரு கட்டத்தைக் காட்டினாள். “வழக்கமா இந்தக் கட்டத்துல ஒரு வார்த்தை போடுவோம். கவனக்குறைவுன்னு போட்டுடட்டுமா? அதான் இருக்கறதுலயே லேசானது. ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சுடும், வேலைக்கு ஆபத்து இல்ல.”

சொல்லக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அந்தக் கட்டத்தை விட்டுடுங்க மேடம். கீழே இடம் இருக்குமே?”

“இருக்கு. ஆனா அதுல யாரும் எழுதறதில்ல.”

“அதுல எழுதுங்க. நான் என்ன செஞ்சேன், யாருக்குச் செஞ்சேன், எத்தனை மாசம் செஞ்சேன், எப்ப நிறுத்தினேன். முன்னாடி அவர் எனக்கு என்ன செஞ்சார்னும் எழுதுங்க, நான் சொல்றேன்.”

“அவ்வளவையும் எழுதினா வேலையே போனாலும் போகும்க்கா!”

“போனா போகட்டும். ஒத்த வார்த்தையில மட்டும் வேணாம்.”

மேடம் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். சொல்லக்கா சம்பள நாளிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.